காலி இடம்

முதல் ட்ரோனை எரித்து வீழ்த்திய அன்று கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். தமயந்தியும் தட்டினாள். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கவே கூசியது.

உப்பாற்றுமுனை எரிவாயு முனையத்தின் மேல் கடல் பக்கமிருந்து ட்ரோன்கள் வரத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. யார் அனுப்புகிறார்கள் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. எங்கோ ஒரு படகிலிருந்து கிளப்பிவிட்டால் போதும். அலையை ஒட்டிப் பறந்துவந்து, கரையேறியதும் எழும்பி, வாயுத் தொட்டிகளை நோக்கிப் பாயும். சில ஆயிரங்களில் செய்த ட்ரோனைக் கோடி ரூபாய் ஏவுகணையால் அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் லேசர். அந்த லேசரை வடிவமைத்தவள் தமயந்தி.

அவள் செய்ததில் புதுமை என்னவென்றால், அது ஒரே பெரிய எந்திரம் இல்லை. பீரோத் தட்டு அளவுக்குத் தனித்தனிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு லேசர். வேண்டிய அளவுக்கு அடுக்கிக்கொள்ளலாம். ஒன்று கெட்டுப்போனால் உருவிவிட்டு இன்னொன்றைச் செருகலாம். மற்றவை பாட்டுக்கு வேலை செய்யும். எல்லாப் பெட்டிகளின் ஒளியும் ட்ரோனின் இறக்கையில் ஒரே புள்ளியில் போய்க் குவியும். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் இருக்காது. சில விநாடிகளில் இறக்கை உருகி ஒடியும்.

அடுக்கில் கடைசியாக இருந்த பெட்டியில் லேசர் கிடையாது. அதற்கு விழுமிடப் பெட்டி என்று பெயர். ஒடிந்த ட்ரோன் காற்றில் கரைந்துவிடாது. வயிற்றில் வெடிமருந்தோடு கீழே வந்து விழும். எப்போது சுட்டால் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, ஆட்கள் இல்லாத இடத்தில் விழும்படி நேரம் பார்த்துச் சுட வைப்பது அந்தப் பெட்டியின் வேலை. எந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் செல்போன் சிக்னலை வைத்து அது தெரிந்துகொள்ளும். உலகத்தில் வேறெந்த நாட்டு லேசரிலும் இப்படி ஒன்று இல்லை என்று அவள் உள்ளூரப் பெருமைப்பட்டிருந்தாள்.

அன்றைக்கு அது உப்பளத்தைத் தேர்ந்தெடுத்தது. திரையில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஆட்கள் இல்லை என்று அர்த்தம்.

கைதட்டல் அடங்கிக் காபி வந்து எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் காவல் பிரிவிலிருந்து போன் வந்தது. உப்பளத்தில் ஒரு பெண் இறந்துவிட்டாள்.

"காலின்னு காட்டுச்சுங்க சார்" என்றாள் தமயந்தி.

திட்டத்தின் தலைவர் கிருபாகரன் கதவைச் சாத்திவிட்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். "அந்தம்மா அங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்களாம்?"

"உப்பு வாரிட்டு இருந்தாங்களாம்."

கிருபாகரன் கெட்ட மனிதர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ட்ரோன் தொட்டி மேல விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாரும்மா. பாதி ஊர் எரிஞ்சிருக்கும். ஒரு உயிர் போனது கொடுமைதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நீ ஊரக் காப்பாத்தியிருக்க."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனாலேயே அவளால் அழவும் முடியவில்லை, ஆறவும் முடியவில்லை.

*

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தமயந்தி உப்பளத்துக்குப் போனாள். வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ட்ரோன் விழுந்த பாத்தியைச் சுற்றிப் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. நடுவில் உப்பு கரியாகிக் கிடந்தது. பக்கத்துப் பாத்தியில் ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நேற்றுச் சாவு விழுந்த இடத்தில் இன்று வேலை நடக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

தலையில் துண்டும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்த ஒருத்தி உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"பேப்பர்காரவளா?"

"இல்லைங்க. கம்பெனியிலிருந்து வர்றேன்."

"எந்தக் கம்பெனி? கேஸ் கம்பெனியா, சுடுத கம்பெனியா?"

"சுடற கம்பெனி."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன, அழுததாலா, உப்பினாலா என்று சொல்ல முடியவில்லை. "செத்தது எந்தங்கச்சி, உலகம்மா. எம்பேரு சந்தனமாரி. ரெண்டு பேரும் ஒரே பாத்திதான். தண்ணி குடிக்க நான் வரப்புக்கு வந்தேன். அவ வரல."

தமயந்தி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகள் ஒன்றும் அங்கே செல்லுபடியாகாது என்று தெரிந்தது. கடைசியில் அவள் கேட்டது இதுதான்: "அவங்க கையில போன் இருந்துச்சுங்களா?"

"என்ன கேள்வி கேக்கீங்க? செத்தவளப் பத்திக் கேக்க உங்களுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலியா?"

"காரணமாத்தாங்க கேக்கறேன்."

சந்தனமாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போனெல்லாம் ரோட்டுப் பக்கம் செட்டுல கிடக்கும். உப்புத்தண்ணி பட்டா போன் போச்சு. அதுவும் போக, கையில போன் இருந்தா வேல ஓடாதுன்னு கங்காணி வாங்கி வச்சிக்கிடுவாரு. சாயங்காலம் போறப்பதான் தருவாரு. எல்லா அளத்துலயும் அப்படித்தான்."

ஆக, இந்த வெள்ளை வெளியில் நூற்றுக்கணக்கான பேர் காலையிலிருந்து குனிந்து வேலை செய்திருக்கிறார்கள். பெட்டியின் கண்ணுக்கு ஒருவர்கூடப் படவில்லை. ஒரே ஒருமுறை இங்கே நேரில் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வரைபடம் போட்ட காலத்தில் அவள் வரவில்லை.

தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள். எந்திரம் ஆட்களைப் பார்ப்பதில்லை, போன்களைத்தான் பார்க்கிறது என்றாள். போன் இல்லாத இடம் அதற்குக் காலி இடம் என்றாள். இதையெல்லாம் வெளியில் சொல்லக்கூடாது என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அது அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றவில்லை.

மற்றப் பெண்களும் பலகைகளைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"அப்ப நாங்க போன இங்கனயே வச்சிருந்தா எங்க மேல விழாதா?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"விழாதுங்க."

"இங்க விழலன்னா வேற எங்க விழும்?"

"அதை மெஷின் பாத்துக்கும்" என்றாள் தமயந்தி.

*

சில நாட்களில் திரையில் உப்பளத்தின் நிறம் மாறியது. வெள்ளையாக இருந்த இடம் இளநீலமாகிப் பிறகு அடர்நீலமானது. கங்காணிக்கும் சந்தனமாரிக்கும் பெரிய சண்டை நடந்ததாகவும், பெண்கள் எல்லாரும் சேர்ந்து வேலைக்கு இறங்காமல் உட்கார்ந்துவிட்டதாகவும், கடைசியில் முதலாளியே வந்து ஒத்துக்கொண்டதாகவும் தமயந்தி கேள்விப்பட்டாள். தங்கள் போன்களோடு, வீட்டில் கிடந்த பழைய போன்களுக்கும் சிம் போட்டுக் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் டப்பாக்களில் வைத்து மூடி வரப்புகளில் வரிசையாக வைத்தார்கள்.

அறையில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனித்த ஒருத்தி யாரிடமும் சொல்லவில்லை. உலகம்மாளை இனித் திருப்பிக் கொண்டுவர முடியாது. மற்றவர்களையாவது காப்பாற்றிவிட்டோம் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். சோறு இறங்கியது. ஊரிலிருந்து அம்மா பேசியபோது சிரித்துக்கூடப் பேசினாள்.

அடுத்த ட்ரோன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. விழுமிடப் பெட்டி உப்பளத்தை ஒதுக்கிவிட்டு அதற்கு அடுத்த காலி இடத்தைத் தேடியது. உப்பளத்துக்கு வடக்கே கடல்நீர் உள்ளே புகுந்து கிடக்கும் கழி. அங்கேதான் விழவைத்தது.

கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார் சவரிமுத்து என்ற பெரியவர். அவரிடம் போன் என்று ஒன்று இருந்ததே இல்லை.

மறுநாள் வந்த கிருபாகரன் இந்தத் தடவை கதவைச் சாத்திவிட்டு உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார். "அளத்துல திடீர்னு இத்தன போன் எங்கேருந்து வந்துச்சு?"

"நான்தான் சொன்னேங்க சார்."

"யார்கிட்ட?"

"அங்க வேலை செய்யறவங்ககிட்ட. போன் வச்சுக்குங்கன்னு சொன்னேன். சொல்லாம விட்டிருந்தா அவங்க மேல விழுந்திருக்கும்."

கிருபாகரன் அவளையே பார்த்தார். கோபத்தைவிட இரக்கம்தான் அந்தப் பார்வையில் அதிகம் இருந்தது. "நேத்து அளத்துல யாருமே இல்ல தமயந்தி. அம்மன் கோயில் கொடைத் திருவிழான்னு எல்லாருக்கும் லீவு. பழைய போனையெல்லாம் வரப்புலேயே விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்த இடம் நெசமாவே காலியா இருந்துச்சு."

தமயந்தி திரையில் உப்பளத்தைத் தேடினாள்.

"சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு" என்றார் அவர். "அசையாத போனைக் கணக்குல சேர்க்காதேன்னு பெட்டிக்குச் சொல்லிக்குடு. கழியையும் ஆள் நடமாட்டம் உள்ள இடம்னு குறிச்சிடு."

"அப்புறம் எங்க விழும் சார்?"

"அடுத்த காலி இடத்துல."

"அடுத்தது ஓடைக்கரைங்க. ஆடு மேய்க்கிறவங்க இருப்பாங்க. அதுக்கு அடுத்தது சுடுகாட்டுப் பக்கம். அங்கேயும் யாராவது இருப்பாங்க. நமக்குக் காலின்னு தெரியற இடமெல்லாம் நாம போய்ப் பாக்காத இடம். நான் முதல்ல போட்ட திட்டத்துல அலைதடுப்புச் சுவரோட நுனியில கோபுரம் கட்டி, பெட்டிகள்ல பாதிய அங்க வைக்கணும்னு சொல்லியிருந்தேன். ட்ரோன் கரையேறவே ஏறாது. எரிஞ்சு கடல்லயே விழும்."

"அதுக்கு முனையத்துக்காரங்க ஒத்துக்கலியே. உப்புக்காத்து, பராமரிப்பு, செலவுன்னு நூறு சொன்னாங்க. இன்னைக்கும் அதையேதான் சொல்வாங்க."

"அவங்க ஒத்துக்கலன்னதும் நான் விழுமிடப் பெட்டியக் கண்டுபிடிச்சுக் குடுத்தேன்" என்றாள் தமயந்தி. "இது இருந்தா கோபுரம் வேண்டாம்னு நான்தான் சார் அவங்களுக்கு வழி காட்டுனேன்."



*

உப்பளத்துக்கு மறுபடி போகக் காலே எழவில்லை. ஆனாலும் போனாள். அந்தப் பெண்களுக்கு விஷயம் தெரியாமல் இருந்தால் தெரியாமலே இருக்கட்டும் என்றும் நினைத்தாள். தான் சுமப்பதை அவர்கள் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்?

சந்தனமாரி அவளைக் கண்டதும் பாத்தியிலிருந்து ஏறி வந்தாள். வரப்பில் டப்பாக்கள் ஒன்றும் இல்லை.

"எடுத்துட்டோம்" என்றாள். "கழியில விழுந்துச்சுன்னதும் எனக்கு வெளங்கிட்டு. சவரிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போயி உக்காந்துட்டு வந்தேன். எங்க உலகம்மா கேதத்துக்கு அவரு வந்திருந்தாருல்லா. அவரு சம்சாரம் ரெஜினாக்கா எங்கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாவ."

"நான் சொல்லித்தானே நீங்க செஞ்சீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க."

"அதெப்படி? கொடைக்குப் போறப்ப போன எடுக்கணும்னு ஒருத்தி சொன்னா. கிடக்கட்டும்டி, காவலுக்குக் கிடக்கட்டும்னு நாந்தான் சொன்னேன்." சந்தனமாரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "நான் அன்னைக்கு உங்கட்ட ஒண்ணு கேட்டேன். இங்க விழலன்னா எங்க விழும்னு. மெஷின் பாத்துக்கும்னீங்க. எனக்கு அப்பவே மனசுக்கு ஒப்பல. ஆனா மேல கேக்கல. கேட்டா விடை என்னமா இருக்கும்னு தெரிஞ்சுதான் கேக்கல."

இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். தூரத்தில் முனையத்தின் வேலி தெரிந்தது. அதற்கு உள்ளே போகிறவர்கள் வாயிற்கதவில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்; வாயு இருக்கும் இடத்தில் பொறி பறந்துவிடக் கூடாது. அங்கேயும் ஒரு போன்கூடக் கிடையாது. பெட்டியை அதன் போக்கில் விட்டிருந்தால் அந்த இடத்தையும் காலி என்றுதான் சொல்லியிருக்கும். அதனால்தான் வேலிக்குள் எங்கேயும் விழக்கூடாது என்று அவளே தன் கையால் பெட்டியின் கணக்கில் எழுதி வைத்திருந்தாள். உள்ளே இருப்பவர்களை எண்ணிச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். யார் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று விநாடிக்கு விநாடி தெரியும்.

வேலிக்குள் மேற்கு மூலையில் பழைய குழாய்களைப் போட்டு வைத்திருந்த களம் தொட்டிகளுக்கு வெகு தூரத்தில் இருந்தது. அங்கே யாரும் போவதில்லை என்பதும் அதே மாதிரி நிச்சயமாகத் தெரியும்.

*

தமயந்தி அதை ஒளித்துச் செய்யவில்லை. விழுமிடப் பட்டியலில் முனையத்தின் மேற்குக் களத்தை முதலில் சேர்த்தாள். உப்பளம், கழி, ஓடைக்கரை எல்லாவற்றையும் நீக்கினாள். செய்துவிட்டேன் என்று கிருபாகரனுக்கும் முனையத்துக்கும் எழுதி அனுப்பினாள். அந்தக் கடிதத்தை யாரும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது அடுத்த ட்ரோன் வந்தபோதுதான் தெரிந்தது. அது வேலிக்குள், மேற்குக் களத்தில், துருப்பிடித்த குழாய்களின் நடுவில் விழுந்து வெடித்தது. ஓரத்தில் நின்ற பழைய கிரேன் வண்டியின் டயர்கள் எரிந்தன. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

முனையத்தின் தலைமை அதிகாரி அன்று மதியமே வந்துவிட்டார். "எங்க இடத்தக் காப்பாத்தத்தானே உங்களக் கூப்பிட்டோம்? எங்க இடத்துலயே கொண்டுவந்து போடுறீங்க?"

"அந்த இடத்துல ஆள் இல்லைன்னு நீங்களே எண்ணி வச்சிருக்கீங்க சார். இந்தச் சுத்துவட்டாரத்துல நிச்சயமாக் காலின்னு தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான்."

"வெளிய எவ்வளவோ பொட்டல் கிடக்கு!"

"ரெண்டு பேர் செத்துட்டாங்க சார், அந்தப் பொட்டல்ல."

அவளை அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பொள்ளாச்சிக்குப் போய் அம்மா வீட்டில் கிடந்தாள். போலீஸ் வரும், வழக்கு வரும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். வந்தால் நல்லது என்றுகூட இருந்தது. யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து, நீ என்ன செய்தாய் என்று முதலிலிருந்து கேட்க மாட்டார்களா என்று ஏங்கினாள்.

ஒருவரும் வரவில்லை. கிருபாகரனிடமிருந்து போன்தான் வந்தது.

"கோபுரம் முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

"எந்தக் கோபுரம்?"

"நீ சொன்ன கோபுரம்தான். அலைதடுப்புச் சுவர் நுனியில. பெட்டிகள்ல பாதிய அங்க மாத்தியாச்சு. சோதனையும் பண்ணியாச்சு. வேலிக்குள்ள விழுந்ததுக்கு மறுநாளே ஒத்துக்கிட்டாங்க."

"செலவு, உப்புக்காத்து..."

"அதப்பத்தி ஒருத்தரும் பேசல." பிறகு அவரே அடுத்ததைச் சொன்னார். "ஒன்ன மறுபடி எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. வேற துறைமுகத்துக்காரங்கள்லாம் இதையே கேக்கறாங்களாம். உயிர்ச்சேதமே இல்லாத வடிவமைப்புன்னு விளம்பரம் போடப் போறாங்க. ஓம்பேரும் வரும்."

தமயந்தி போனைக் கீழே வைத்தாள். ஜெயிலுக்குப் போவதற்கு மனதைத் தயார் செய்து வைத்திருந்தவளுக்குப் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. வேலைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பஸ் ஏறி உப்பாற்றுமுனைக்கு வந்தாள். நேராக உப்பளத்துக்குப் போனாள்.

உப்பு விளைந்திருந்தது. சந்தனமாரி வாரிக் குவித்ததை இன்னொருத்தி கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். உலகம்மாளின் இடத்துக்கு வந்தவள். கடலுக்குள் நீண்டு போகும் கல்சுவரின் முனையில் புதுக் கோபுரம் நின்றது. பெயின்ட் வாசம் இங்கேவரை வரும்போல அவ்வளவு புதியதாக இருந்தது.

"அதுதானா?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"ஆமாங்க. இனிமே எல்லாம் கடல்லதான் விழும். படகு வந்தா கோபுரத்துல இருக்கிற ஆள் கண்ணால பாத்துச் சொல்லிடுவாரு."

"ஆளு வச்சிருக்காவளா?"

"வச்சிருக்காங்க."

சந்தனமாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் கோபுரத்தையே பார்த்தாள். வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகிறவள் பார்ப்பதுபோல, அடியிலிருந்து நுனிவரை நிதானமாகப் பார்த்தாள்.

"இதக் கட்ட எவ்வளவு நாளாச்சு?"

பொய் சொல்லிவிடலாமா என்று தமயந்தி நினைத்தாள். ஒரு வருடம், புதுத் தொழில்நுட்பம், வெளிநாட்டிலிருந்து சாமான் வர வேண்டியிருந்தது என்று ஏதாவது சொல்லலாம். சொன்னால் சந்தனமாரி நம்பிவிடுவாள். அவளுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

"ஒரு மாசங்கூட ஆகலைங்க."

சந்தனமாரி திரும்பவில்லை.

"அப்ப இது பெரிய வேலையில்ல" என்றாள்.

"இல்லைங்க. பெரிய வேலையில்ல."

கூடைக்காரி உப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் வரப்பில் நடந்து போனாள். சந்தனமாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.